முதலில் ஊரைப் பாருங்கள், பிறகு வீட்டைப் பாருங்கள்

(‘தலைநகரைச் சுற்றி எங்கே குடியேறுவது?’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு எளிமையானதுபோல் தோன்றும். ஆனால் நம் குடும்பங்களில் அதிகமான வாக்குவாதத்தைக் கிளப்பும் தலைப்பு இது. திருமணமாகி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன பிள்ளைகள் வீடு வாங்கப் புறப்படுகிறார்கள். ரவாங்கா, செமினியா, பூச்சோங்கா, கிள்ளானா, காஜாங்கா என்று ஆளுக்கொரு பெயரைச் சொல்கிறார்கள். மாமா ஓர் ஊரைச் சொல்வார், அலுவலக நண்பர் இன்னோர் ஊரைச் சொல்வார். கடைசியில் எங்கே விலை குறைவோ, எங்கே மாதிரி வீடு அழகாக இருக்கிறதோ, அங்கே கையெழுத்து விழுந்துவிடுகிறது.

எனக்கு முன் பேசிய நண்பர் ஒருவர், “தூரமானாலும் பரவாயில்லை, தரைவீடுதான் வேண்டும்” என்றார். இன்னொருவர், “சிறியதானாலும் பரவாயில்லை, ரயில் நிலையத்துக்கு அருகில் அடுக்குமாடி வீடு வாங்குங்கள்” என்றார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. தூரத்திற்கும் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை வீட்டில் யார் கொடுக்கிறார்கள்? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தரைவீட்டு ஆசை எங்கிருந்து வந்தது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொந்த நிலத்தில், சொந்த வாசற்கதவுடன் ஒரு வீடு வேண்டும் என்று நம்மவர்கள் ஆசைப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன். அந்த ஆசைக்கு வரலாறு உண்டு. இன்று புறநகர் என்று நாம் சொல்லும் இடங்கள் பல, முன்பு ரப்பர் தோட்டங்களாக இருந்தவை. 1976-ஆம் ஆண்டு உருவாகத் தொடங்கிய சுபாங் ஜெயா, சீபீல்டு தோட்ட நிலத்தில் எழுந்த நகரம். பங்சார் என்ற பெயரே புஞ்சே, கிரிசார் என்ற இரண்டு முதலாளிகளின் பெயரைத் தாங்கிய தோட்டத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

அந்தத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டி இருந்த லயத்து வீடு அவர்களுக்குச் சொந்தமானதல்ல. வேலை போனால் வீடும் போகும். தோட்டம் விற்கப்பட்டபோது, மூன்று தலைமுறையாக இருந்தவர்கள்கூட மூட்டை கட்ட வேண்டி வந்தது. ஆகவே “என் பெயரில் ஒரு வீடு” என்பது நமக்கு ஆடம்பரம் அல்ல; இனி யாரும் என்னை வெளியே போகச் சொல்ல முடியாது என்ற நிம்மதி.

ஆனால் அதே தோட்ட வாழ்க்கையில் இன்னொன்றும் இருந்தது. வேலைக்காடு நடக்கும் தூரத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் நடக்கும் தூரத்தில் இருந்தது. கோயிலும் கடையும் அப்படியே. அவசரத்துக்குக் கூப்பிட்டால் ஓடிவர அக்கம்பக்கத்தில் ஆள் இருந்தது. வீட்டை மட்டும் சொந்தமாக்கிக்கொண்டு, இவை எல்லாவற்றையும் 40 கிலோமீட்டர் தூரத்தில் விட்டுவிட்டால் நமக்குக் கிடைத்தது பாதிதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கணவன், மனைவி, ஏழு வயதுப் பிள்ளை, உடன் இருக்கும் பாட்டி. இருவருக்கும் பெட்டாலிங் ஜெயாவில் வேலை, ஆனால் வெவ்வேறு நேரம். அவர்கள் முன் இரண்டு வீடுகள். ஒன்று தூரத்தில் 450,000 ரிங்கிட் தரைவீடு. மற்றொன்று அருகில் 530,000 ரிங்கிட் அடுக்குமாடி வீடு. வித்தியாசம் 80,000 ரிங்கிட். கேட்டவுடன் தரைவீடே மலிவு என்று தோன்றும்.

அந்த 80,000 ரிங்கிட்டை 4 விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுக் கடனாகப் பார்த்தால் மாதத் தவணை சுமார் 354 ரிங்கிட். அடுக்குமாடி வீட்டுக்குப் பராமரிப்புக் கட்டணமும் உண்டு. 1,000 சதுர அடிக்குச் சதுர அடி 30 காசு என்றால் 300 ரிங்கிட். அதன்மேல் சேம நிதிக்குப் பத்து விழுக்காடு, 30 ரிங்கிட். ஆக, அருகில் இருக்கும் வீட்டுக்கு மாதம் ஏறத்தாழ 684 ரிங்கிட் அதிகம். இதை மறைக்க வேண்டியதில்லை.

இப்போது தூரத்து வீட்டுக்கு வருவோம். அங்கே ஒரு கார் போதாது; இரண்டாவது கார் வேண்டும். 45,000 ரிங்கிட் கடனை ஒன்பது ஆண்டுக்கு எடுத்தால், 3 விழுக்காடு வட்டியில் தவணை 529 ரிங்கிட். காப்புறுதி, சாலைவரி, பழுதுபார்ப்பு என்று மாதம் 150 ரிங்கிட் ஒதுக்குங்கள். நாளுக்குக் கூடுதலாக 60 கிலோமீட்டர் ஓட்டினால் 22 வேலை நாளில் 1,320 கிலோமீட்டர்; எண்ணெய்க்கு 220 ரிங்கிட் என்று வைப்போம். டோலுக்கு நாளுக்கு 6 ரிங்கிட் என்றால் 132 ரிங்கிட். மொத்தம் 1,031 ரிங்கிட். மலிவு என்று நினைத்த வீடு, மாதம் ஏறக்குறைய 350 ரிங்கிட் அதிகமாக விழுங்குகிறது. ஒன்பது ஆண்டு முடியும்போது கார் பழசாகிவிடும், அடுத்த கார் வாங்க வேண்டும்.

இவை என் எண்கள். உங்கள் வீட்டு எண்களைப் போட்டுப் பாருங்கள். விடை மாறலாம், தூரத்து வீடே இலாபம் என்றுகூட வரலாம். ஆனால் கணக்கைப் போடாமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

அடுத்து நேரம். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் கூடுதலானால், மாதம் 22 நாள், ஆண்டுக்கு 11 மாதம் என்று வைத்தாலும் 484 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் 60 நாள். ஆண்டுக்கு அறுபது நாள் சம்பளம் இல்லாமல் சாலையில் வேலை செய்கிறோம்.

விலை கொடுப்பவர்கள் யார்?

நேயர்களே, வீடு வாங்கும் முடிவை எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு பேர். ஆனால் தூரத்தின் விலையைக் கொடுப்பவர்கள் அந்த இரண்டு பேர் மட்டுமல்லர்.

முதலில் பிள்ளை. புதிய குடியிருப்புகள் பலவற்றில் தமிழ்ப்பள்ளி நடக்கும் தூரத்தில் இல்லை. நம் தமிழ்ப்பள்ளிகளில் பல, தோட்டத்தோடு பிறந்தவை. பூச்சோங்கில் காசல்பீல்டு தமிழ்ப்பள்ளியின் பெயர் இன்றும் பழைய தோட்டத்தின் பெயரைத்தான் சொல்கிறது. தோட்டம் போன பிறகு சில பள்ளிகள் இடம் மாறின. சில இடங்களில் மக்கள் போய்விட்டார்கள், பள்ளி மட்டும் நிற்கிறது. ஆகவே நாம் குடியேறும் ஊரும், தமிழ்ப்பள்ளி இருக்கும் ஊரும் ஒன்றாக இருக்கும் என்ற உறுதி இல்லை. இல்லையென்றால் என்ன ஆகும்? விடியுமுன் ஐந்தரை மணிக்கே பிள்ளையை எழுப்பி வேனில் ஏற்ற வேண்டும். அல்லது பக்கத்தில் இருக்கும் வேறு பள்ளியில் சேர்க்க வேண்டும். பலர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் தமிழை வெறுத்துச் செய்யவில்லை. வேனுக்கு நேரம் இல்லாமல் செய்கிறார்கள். ஒரு வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்திடும்போது, அடுத்த தலைமுறையின் தமிழும் அதில் தீர்மானமாகிவிடுகிறது என்பதை நாம் உணர்வதில்லை.

இடைநிலைப்பள்ளியையும் சேர்த்துப் பாருங்கள். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தாய்மொழி வகுப்பு நடத்த விதியில் இடம் உண்டு. நீங்கள் பார்க்கும் ஊரின் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு நடக்கிறதா, ஆசிரியர் இருக்கிறாரா என்று பள்ளி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து வீட்டில் இருக்கும் பெரியவர்கள். மகனும் மருமகளும் காலை ஆறு மணிக்கே புறப்பட்டு, இரவு எட்டு மணிக்குத் திரும்பினால், அந்தப் பதினான்கு மணி நேரமும் பாட்டி என்ன செய்வார்? நடந்து போக ஒரு கடை உண்டா? கார் ஓட்டத் தெரியாதவர் கிளினிக்குக்கு எப்படிப் போவார்? பேச்சுத் துணைக்கு யார்? கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானா வட்டாரத்தில் வாழ்ந்த ஒரு தாய்க்குத் துணிக்கடை, பூக்கடை, கோயில், தெரிந்த முகம் எல்லாம் நடை தூரம். அவரைக் கொண்டுபோய்க் காவலர் நிற்கும் வேலிக்குள் அழகான வீட்டில் உட்கார வைத்தால், “எனக்கு என்ன குறை?” என்றுதான் வாயால் சொல்வார். மனத்தால் சொல்லமாட்டார்.

மூன்றாவது, வீட்டுப் பெண். வேலை முடிந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் வீடு திரும்புகிறார்கள். ஆனால் அந்த நேரத்துக்குப் பிறகு அடுப்படிக்குப் போவது பல வீடுகளில் இன்னும் ஒருவர்தான். தூரத்தில் செலவான இரண்டு மணி நேரம் அவருடைய தூக்கத்திலிருந்து கழிகிறது.

இந்த மூவரையும் யாரும் கேட்பதில்லை. மாதிரி வீட்டைக் காட்டி, “பிடித்திருக்கிறதா?” என்று கேட்பது ஒரு கேள்வியல்ல. “உங்கள் ஒரு நாள் இங்கே எப்படிப் போகும்?” என்று கேட்க வேண்டும்.

வரப்போகும் ரயிலை நம்பலாமா?

விற்பனைக் கையேடுகளில் ரயில் நிலையத்தின் படம் அழகாக இருக்கும். “விரைவில்” என்ற ஒரு சொல்லும் இருக்கும். பூச்சோங்கை எடுத்துக்கொள்ளுங்கள். டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலை 1999-இல் திறக்கப்பட்டது. அந்தச் சாலையை நம்பி மக்கள் குடியேறினார்கள். எல்.ஆர்.டி. ரயில் பூச்சோங்கைத் தொட்டு புத்ரா ஹைட்ஸ் வரை முழுமையாக ஓடியது 2016-இல்தான். இடையில் 17 ஆண்டு. அப்போது பிறந்த பிள்ளை ஐந்தாம் படிவம் படிக்கும் வயதுக்கு வந்துவிட்டது.

வந்த ரயில் பயன் தந்தது என்பதில் ஐயமில்லை. 2017-இல் காஜாங் வரையிலான எம்.ஆர்.டி. தடமும், 2023-இல் புத்ராஜெயா தடமும் முழுமையடைந்த பிறகு, பல ஊர்களின் தூரம் சுருங்கியது. மலேசியக் குடிமக்களுக்கு மாதம் 50 ரிங்கிட்டில் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரெயில், ரேபிட் கேஎல் பேருந்து ஆகியவற்றில் வரம்பின்றிப் பயணம் செய்ய ‘மை50’ அட்டை இருக்கிறது. ஆனால் ரவாங், செர்டாங், கிள்ளான் வழியே ஓடும் கேடிஎம் கொமுட்டருக்கு அந்த அட்டை செல்லாது. எல்.ஆர்.டி. சில நிமிடங்களுக்கு ஒன்று வரும். கொமுட்டரை ஒருமுறை தவறவிட்டால் காத்திருப்பு நீளும். “ரயில் நிலையம் பக்கத்தில்” என்பதோடு நின்றுவிடாமல், எந்த ரயில், எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, வீட்டிலிருந்து நிலையத்துக்கு எப்படிப் போவது, அங்கே காரை நிறுத்த இடம் உண்டா என்று கேளுங்கள். இன்று ஓடும் ரயிலுக்குப் பணம் கொடுங்கள். நாளை வரும் ரயில் வந்தால் அது இலாபம்.

தண்ணீரும் மண்ணும்

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் தேதியை ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா மக்கள் மறக்கமாட்டார்கள். வெள்ளம் ஏறி, மாடியிலும் கூரையிலும் ஏறி உதவிக்குக் காத்திருந்தவர்கள் பலர். உலு லங்காட்டிலும் அதே நாட்களில் பெரும் சேதம். 1993-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி, உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் உயிரிழந்தனர். ஒன்று பள்ளத்தில் இருந்த ஆபத்து; மற்றொன்று சரிவில் இருந்த ஆபத்து.

வீட்டைப் பார்க்கப் போகும்போது சுவரின் வண்ணத்தைப் பார்க்கிறோம். சுவரில் தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஆறு எத்தனை தூரம், சாலையைவிட வீடு உயரமா தாழ்வா, பின்னால் இருக்கும் சரிவை யார் பராமரிக்கிறார்கள் என்று கேளுங்கள். விற்பவரிடம் கேட்பதைவிட, அந்தத் தெருவில் இருபது ஆண்டாகக் கடை வைத்திருப்பவரிடம் கேட்பது நல்லது. அவருக்குக் கமிஷன் இல்லை.

திரும்பி வருவது எளிதல்ல

“பிடிக்காவிட்டால் விற்றுவிட்டு வேறு இடம் பார்ப்போம்” என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். வீடு கைப்பேசி அல்ல. 500,000 ரிங்கிட் வீட்டைப் பெயர் மாற்ற முத்திரைத் தீர்வை மட்டும் 9,000 ரிங்கிட். முதல் வீட்டுக்குச் சலுகை உண்டு. இரண்டாவது வீட்டுக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. மூன்று ஆண்டுக்குள் விற்றால் கிடைக்கும் இலாபத்தில் 30 விழுக்காடு வரி. நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டிலிருந்துதான் குடிமக்களுக்கு வரி இல்லை. நிலம் 99 ஆண்டுக் குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு மீதி என்று பாருங்கள்; அதை விற்க மாநில அரசின் ஒப்புதலும் வேண்டியிருக்கும். முப்பது வயதில் எடுக்கும் 35 ஆண்டுக் கடன் அறுபத்தைந்து வயதில்தான் முடியும். அதனால்தான் முன்கூட்டியே யோசிக்கச் சொல்கிறேன்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

நான்கு காரியங்கள் செய்யுங்கள். அதிகச் செலவு இல்லை.

முதலாவது, ஒரு தாளை எடுத்து, குடும்பத்தில் ஒவ்வொருவரும் வாரத்தில் எங்கெங்கே போகிறார்கள் என்று எழுதுங்கள். வேலையிடம், பள்ளி, டியூஷன், மருத்துவமனை, கோயில், அண்ணன் வீடு, அம்மா வீடு எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் எந்த ஊர் வருகிறதோ, அங்கிருந்து தேடத் தொடங்குங்கள். எல்லாருக்கும் கோலாலம்பூரே மையமல்ல. ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலை செய்பவருக்குக் கிள்ளான் தூரமில்லை. காஜாங் மருத்துவமனையில் பணிபுரியும் தாதிக்குச் செமினி தூரமில்லை. புத்ராஜெயாவில் வேலை செய்பவருக்குச் செந்தூல்தான் தூரம். எனவே “அந்த ஊர் நல்லது, இந்த ஊர் மோசம்” என்று யார் சொன்னாலும், “யாருக்கு?” என்று திருப்பிக் கேளுங்கள்.

இரண்டாவது, பார்த்த ஊருக்கு மூன்று முறை போங்கள். திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு அங்கிருந்து வேலையிடத்துக்கு ஓட்டிப் பாருங்கள். ஒரு மாலை, பெருமழையில் போய்ப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து போய், அக்கம்பக்கத்தாரிடம் பேசுங்கள். ஞாயிறு மதியம் மாதிரி வீட்டுக்குப் போனால் எந்த ஊரும் இருபது நிமிடத் தூரம்தான்.

மூன்றாவது, முடிந்தால் அந்த ஊரில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். வாடகை வீண் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். முப்பத்தைந்து ஆண்டு முடிவைச் சரிபார்க்க ஓராண்டு வாடகை பெரிய விலையல்ல.

நான்காவது, கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். பாட்டியைக் கேளுங்கள். பேசத் தெரிந்த பிள்ளையையும் கேளுங்கள். அவர்கள் சொல்வதுதான் முடிவாக வேண்டும் என்பதில்லை. ஆனால் விலையைக் கொடுக்கப் போகிறவர்களுக்கு விலை என்னவென்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து ஏற்றுக்கொண்ட தூரம் குடும்பத்தைப் பிரிப்பதில்லை. தெரியாமல் தலையில் விழுந்த தூரம்தான் பத்தாம் ஆண்டில் சண்டையாக வந்து நிற்கிறது.

நெறியாளர் அவர்களே, என் நேரம் முடிகிறது. தரைவீடா அடுக்குமாடியா என்று கேட்டால், உங்கள் வருமானத்துக்கு ஏற்ற எதுவாகவும் இருக்கட்டும் என்பேன். தூரமா அருகிலா என்று கேட்டால், அது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும் என்பேன். ஆனால் முதலில் எது என்று கேட்டால், தயங்காமல் சொல்வேன்: ஊர். வீட்டில் சுவரை இடிக்கலாம், அறையைக் கூட்டலாம், தரைக்கல்லை மாற்றலாம். ஊரை நம்மால் மாற்ற முடியாது. அதனால் அதை முதலில் தேர்ந்தெடுங்கள்.